சாயாத மணல் மூட்டைகள்

1. முதல் நாள்: கோணி ஊசியும் சணல் கயிறும்

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் கையில் கொடுத்தது ஒரு கோணி ஊசியும் சணல் கயிறும்தான். அளவு பார்க்க வெர்னியர் கொடுப்பார்கள், டிராயிங் ஷீட்டை விரித்து வைப்பார்கள் என்று மீஞ்சூரில் ரயில் ஏறியதிலிருந்து கனவு கண்டுகொண்டு போனவள் நான். மூலையில் மணல் குவியல் இருந்தது. அதை எடை போட்டு, மூட்டைக்கு எழுபத்தைந்து கிலோ வீதம் நிரப்பி வாயைத் தைக்க வேண்டும். அழுகை வந்தது. அழவில்லை, தைத்தேன்.

எங்கள் ஷெட் தீம் பார்க்குகளுக்கு ரைடு செய்து கொடுக்கும் ஷெட். சுற்றிலும் இரும்பு உருக்குகிறவர்கள், குழாய் செய்கிறவர்கள், பெயின்ட் கலக்குகிறவர்கள். நடுவில் நாங்கள் மட்டும் டிராகன் தலைக்கும் கப் அண்ட் சாசருக்கும் கலர் அடித்துக்கொண்டிருப்போம். முதலாளி தேவராஜ் சார், நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் சரி, இன்றும் சரி, கோபம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். அதைப் பார்த்துத் தப்பித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்தான் அங்கே நிலைத்தார்கள்.

"இன்னா மேடமு, மூட்டையப் பாத்து மொறைச்சிக்கினு கீற? நம்ம வண்டியில மொதல்ல ஏறி குந்துறது இவங்கதான். அப்பறம்தான் மனுசங்க" என்றார் வெல்டர் முனிரத்தினம். ஆரம்பாக்கத்துக்காரர். ஆண்கள் எல்லாரும் அவருக்கு நைனா. நான் மட்டும் முதல் நாளிலிருந்தே மேடமு.

அவர் சொன்னதுதான் எங்கள் தொழிலின் அடிப்படை. ஒரு வண்டி செய்து முடித்ததும், சீட்டுக்கு ஒரு மணல் மூட்டையை உட்கார வைத்து, மடிக்கு மேல் இறங்கும் லேப் பாரைப் பூட்டி, ஷெட்டுக்குள் இருக்கும் சிறிய டிராக்கில் நூற்றுக்கணக்கான சுற்று ஓட்டுவோம். ஏதாவது கழன்றால், உடைந்தால், மூட்டைக்குத்தான் அடிபடும்.

அந்த மூட்டைகளுக்குப் பெயர் உண்டு. முனிரத்தினத்தை யார் பேஜார் செய்கிறார்களோ அவர் பெயர் மூட்டையில் சிவப்பு பெயின்ட்டில் ஏறிவிடும். ஒன்று அவர் மச்சான். ஒன்று ஊரில் கரண்ட் ஆபீஸ் அதிகாரி. ஒரு மூட்டையின் அடிப்பக்கம், புரட்டினால் மட்டும் தெரிகிற மாதிரி, 'தேவராஜ்' என்று எழுதியிருந்தது. எந்த வண்டி டெஸ்ட்டுக்கு வந்தாலும் அந்த மூட்டைக்குத்தான் முன் சீட். இது முதலாளிக்குத் தெரியாது என்று நாங்கள் எல்லாரும் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தோம்.

2. டிவிக்குக் கீழே ஒரு டப்பா

நான் சேர்ந்து பத்து வருஷத்தில் குவாலிட்டி இன்சார்ஜ் ஆனேன். டெஸ்ட் ரிப்போர்ட்டில் என் கையெழுத்து இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டாது. அந்தக் காலத்தில் எங்களுக்குச் சோறு போட்டது பேய் வீடு. இருட்டு ஹால், அதில் வளைந்து வளைந்து போகும் டிராக், நாலு பேர் உட்காரும் வண்டி, திடீரென்று எழுந்து நிற்கும் எலும்புக்கூடு. அது இல்லாத பார்க்கே கிடையாது.

பிறகு ஆர்டர் குறைந்தது. ஏற்கெனவே போட்ட பேய் வீடுகளையே கழற்றிவிட்டு அங்கே பாப்கார்ன் கடை போட ஆரம்பித்தார்கள். காரணம் புரியாமல், திருவள்ளூருக்கு வெளியே இருக்கும் ஒரு பார்க்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தேவராஜ் சாரும் சர்வீஸ் பார்க்கிற சாக்கில் போனோம். அலை அடிக்கும் குளத்தில் கால் வைக்க இடமில்லை. பேய் வீட்டு வாசலில் ஆபரேட்டர் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு குடும்பம் வெளியே வந்தது. அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கிற வயதில் இரண்டு பெண்கள்.

"பயமா இருந்துச்சாம்மா?" என்று நான் பெரியவளைக் கேட்டேன்.

"இன்னாக்கா இது, சும்மா குந்திக்கினே போறோம், சும்மா குந்திக்கினே வர்றோம். எங்கூட்டு கேம்ல பேய் வந்தா நாங்க சுடணும், ஓடணும், ஒளியணும். அதான் பயம்" என்றாள். அவள் அப்பா பெருமையாகச் சிரித்தார்.

திரும்பும் வழி முழுக்க தேவராஜ் சார் புலம்பினார். கண்ணாடி கையில் இருந்தது. "ஒரு டப்பா, ஜெயந்தி. டிவிக்குக் கீழ வெக்கிற இத்தினூண்டு டப்பா. அது நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட்டுச்சு."

அந்த டப்பாவை நான் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். எதிரி யார் என்று தெரியாமல் எப்படிச் சண்டை போடுவது? மறு வாரம் திருவள்ளூர் கடைத்தெருவில் டிவியில் மாட்டி கேம் ஆடும் அந்த கன்சோலை மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் ஒரு பார்லருக்குப் போனேன். சேலை கட்டிக்கொண்டு, லஞ்ச் பாக்ஸ் பையோடு அங்கே போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் பக்கத்து நாற்காலியில் அத்திப்பட்டு பவர் பிளான்ட்டில் ஷிப்ட் முடித்து சேஃப்டி ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்த ஒருத்தர் கார் ரேஸ் ஆடிக்கொண்டிருந்தார். திரையில் கார் இடது பக்கம் திரும்பினால் அவரும் இடது பக்கம் சாய்ந்தார். பெரிய வளைவு ஒன்று வந்தபோது அவர் தலை என் தோளிலேயே வந்து இடித்தது.

"சாரி சிஸ்டர், வளைவு" என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். என் கணவர் ரயில்வேயில் கிளார்க், சத்தம் போட்டு யாரும் கேட்டிராத மனிதர். அவரும் சிரித்தார். எதைப் பார்த்தாலும் நோட்டில் குறித்துக்கொள்கிறவள் நான். அன்றைக்கு மட்டும் குறிக்கவில்லை.

3. நண்டு

ஒன்றிரண்டு வருஷத்துக்கு முன்னால், அதே திருவள்ளூர் பார்க்கிலிருந்து ஸ்வேதா எங்கள் ஷெட்டுக்கு வந்தார். பார்க் முதலாளியின் மகள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டவர். முப்பத்தைந்து வயதிருக்கும். கல்லூரிக் காலத்திலிருந்து கன்சோலில் ஆடுகிறவர் என்று அவரே சொன்னார்.

"எல்லாரும் கன்சோல் வந்து பார்க்கைக் கெடுத்துடுச்சுன்றாங்க சார். நான் அப்படி நினைக்கல. ஜனங்களுக்கு ஆடப் பழக்கிவிட்டிருக்கு. இனிமே அவங்க கையக் கட்டிக்கினு உக்கார மாட்டாங்க. கைக்கு வேலை குடுங்க, அவங்களே வருவாங்க. வெளிநாட்டுல கேம் கம்பெனிங்களே பார்க்ல இடம் புடிச்சு ரைடு போடுறாங்க தெரியுமா?" என்றார்.

தேவராஜ் சார் கண்ணாடியைக் கழற்றப் போனவர் திரும்ப மாட்டிக்கொண்டார்.

ஸ்வேதாவின் திட்டம் இதுதான். பழைய பேய் வீட்டு ஹால் அப்படியே இருக்கட்டும். எலும்புக்கூடுகளைக் கழற்றிவிட்டுச் சுவர் முழுக்கத் திரை. வண்டிக்கு நாலு துப்பாக்கி, எல்லாம் ஒளி பாய்ச்சுகிற துப்பாக்கி. கடலுக்கடியில் போகிற மாதிரி கதை. மீனைச் சுட்டால் இவ்வளவு புள்ளி, ஆமையைச் சுட்டால் புள்ளி குறையும். கடைசியில் ஒரு ராட்சச நண்டு. பழவேற்காட்டு நண்டைப் பெரிதாக்கியது போல் சேற்று நிறத்தில் அதைச் செய்திருந்தார்கள். அதன் கொடுக்கைச் சுட்டால் பத்து மடங்கு புள்ளி. ஒவ்வொருவர் ஸ்கோரும் அவரவர் முன்னால் தெரியும். ஆறு வண்டி வேண்டும். பள்ளிக்கூட முழு ஆண்டு லீவு தொடங்கும் அன்று திறப்பு.

"இது நல்லா ஓடினா, எனக்குத் தெரிஞ்ச மத்த பார்க்குக்காரங்களையும் உங்ககிட்டயே அனுப்புறேன்" என்றார் ஸ்வேதா.

அவர் கார் கிளம்பியதும் தேவராஜ் சார் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். அப்போது ஷெட்டில் முப்பத்திரண்டு பேர் இருந்தோம். "மறைச்சிப் பேச எனக்குத் தெரியாது. இது நமக்குக் கடைசி சான்ஸ். இது படுத்துச்சுன்னா நான் ஷெட்ட குடோனுக்கு விட்டுட்டு ஊட்ல குந்திடுவேன். அப்பறம் அவங்கவங்க வழிய அவங்கவங்க பாத்துக்க வேண்டியதுதான்."

முனிரத்தினம் சுவிட்சைப் போட்டு வெல்டிங்கை ஆரம்பித்தார். நானும் அன்று ஒரு முடிவு எடுத்தேன். இந்த ஆறு வண்டியும் போகும், நேரத்துக்குப் போகும், ஒரு குறை இல்லாமல் போகும். என்ன வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

4. ஐநூறு சுற்று

வண்டி டிராக்கில் ஓடுவதற்கு மேலே நாலு சக்கரம். தடம் புரளாமல் இருக்க, தண்டவாளத்தின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் நாலு சின்னச் சக்கரம். அதற்கு கைடு வீல் என்று பெயர். அதைத் தாங்குகிற இரும்புத் துண்டு பிராக்கெட். பேய் வீட்டு வண்டிகளில் வருஷக்கணக்கில் போட்ட அதே பிராக்கெட்டைத்தான் இதிலும் போட்டோம். எதற்கு மாற்ற வேண்டும்? ஒரு புகார் வந்ததில்லை.

ஆறு வண்டியையும் மூட்டை ஏற்றி ஓட்டினோம். வண்டிக்கு ஐநூறு சுற்று. முன் சீட்டில் வழக்கம்போல் தேவராஜ் மூட்டை. சக்கரம் சூடாகவில்லை, போல்ட் தளரவில்லை, ஒரு சத்தம் இல்லை. ஆறு ரிப்போர்ட்டிலும் 'பாஸ்' என்று எழுதி, அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டேன். திறப்புக்குப் பத்து நாள் முன்பாகவே வண்டிகள் பார்க்குக்குப் போய்ச் சேர்ந்தன. ஷெட்டில் கேசரி செய்தோம்.

5. நாலாம் நம்பர் வண்டி

திறப்புக்கு மூன்று நாள் முன்னால் ஒரு சோதனை ஓட்டம். எங்கள் ஷெட் ஆட்களின் குடும்பமும் பார்க் ஊழியர்களின் குடும்பமும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம் என்று ஸ்வேதா சொல்லிவிட்டார். காலை நாஷ்டா முடித்த கையோடு எல்லாரும் வரிசையில் நின்றார்கள்.

அவ்வளவு சந்தோஷத்தை நான் எந்தப் பேய் வீட்டிலும் பார்த்ததில்லை. முனிரத்தினத்தின் மனைவி லட்சுமி, கொசுவத்தை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு நண்டை நோக்கிச் சுட்டார். என் கணவரோ, அந்த வாய் திறக்காத மனிதர், "வுடாத! கொடுக்க அடி! கொடுக்க அடி!" என்று கத்தியது ஹாலுக்கு வெளியே நின்றிருந்த எனக்கே கேட்டது. இறங்கியவர் ஸ்கோரைப் பார்த்துவிட்டு மறுபடி வரிசையில் போய் நின்றார். மூன்று தடவை போனார். மூன்று தடவையும் நாலாம் நம்பர் வண்டி.

தேவராஜ் சார் என் பக்கத்தில் நின்று, "டப்பா ஜெயிக்கல ஜெயந்தி. நாம ஜெயிச்சிட்டோம்" என்றார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

மத்தியானம் இரண்டு மணி சுமாருக்கு முனிரத்தினம் என் முழங்கையைத் தட்டினார்.

"மேடமு, நாலாம் நம்பரு இன்னாத்தையோ சொல்லிக்கினு வருது. காது குடு."

கேட்டேன். நண்டு இருக்கும் வளைவிலிருந்து வரும்போது மட்டும் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். வண்டியை நிறுத்தச் சொல்லி ஓரம் கட்டினோம். படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தால், இடது பக்க கைடு வீலின் உள்ளே அச்சைச் சுற்றி இருக்கும் புஷ் என்ற உலோக வளையம் ஒரு பக்கமாகத் தேய்ந்து பளபளத்தது. வலது பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

பிராக்கெட்டின் வெல்டிங்கில் சிவப்பு மை தடவி, கொஞ்ச நேரம் ஊற விட்டு, துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடர் அடித்தோம். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த மை வெளியே கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளையின் மேல் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஊர்ந்து வந்தது. விரல் நீளம் இருந்தது.

"எங்கூட்டுக்காரி இதுல ரெண்டு தபா போனா மேடமு" என்றார் முனிரத்தினம், வேறு யாருக்கும் கேட்காமல்.

என் வீட்டுக்காரர் மூன்று தடவை. ஓடிக்கொண்டிருந்த மற்ற வண்டிகளையும் நிறுத்தச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் மை தடவினோம். இன்னும் இரண்டு வண்டியில் அதே இடத்தில் அதே கோடு வந்தது.

தேவராஜ் சார் கண்ணாடியைக் கழற்றினார். "தடவாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்காதில்ல?"

"தெரிஞ்சிருக்கும் சார். வேற மாதிரி தெரிஞ்சிருக்கும்."

"மூணு பிராக்கெட்டுதானே? மாத்திட்டு ஓட்டு. லீவு சீசன் முடியட்டும், மொத்தமாப் பாத்துக்கலாம்."

"ஏன் உடைஞ்சதுன்னே தெரியாம மாத்தி இன்னா சார் பிரயோஜனம்? புதுசும் அதே வளைவுலதானே போவும்?"

அவர் கேன்டீன் பக்கம் போய்விட்டார். நான் காலியான நாலாம் நம்பர் வண்டியில் ஏறி, இடது ஓரத்தில் உட்கார்ந்தேன். ஐநூறு சுற்று சும்மா இருந்த இரும்பு, ஐம்பது அறுபது சுற்றில் ஏன் கீறிக்கொண்டது? முன்னால் இருந்த துப்பாக்கியை எடுத்து, நண்டு வரும் சுவரைக் குறி பார்த்தேன். குறி சரியாகக் கிடைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வெளியே சாய்ந்தேன். அப்போதுதான் என் தோளில் ஒரு தலை வந்து இடித்தது ஞாபகம் வந்தது. சாரி சிஸ்டர், வளைவு.

நண்டு இருப்பது இடது சுவரில். அந்த இடத்தில் டிராக் வலது பக்கம் திரும்புகிறது. வண்டி வலது பக்கம் திரும்பினால் உடம்பை அதுவே இடது பக்கம் தள்ளும். பத்து மடங்கு புள்ளிக்காக நாலு பேரும் சேர்ந்து அதே இடது பக்கம் எக்குவார்கள், லேப் பாருக்கும் மடிக்கும் இடையில் இருக்கும் இடைவெளியில் பாதி எழுந்து நிற்பார்கள், துள்ளுவார்கள். மொத்தப் பாரமும் ஒரே பக்க கைடு வீலில் இறங்கும். எங்கள் மணல் மூட்டைகள் ஐநூறு சுற்றும் நண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூட்டைக்கு ஸ்கோர் வேண்டாம்.

பயணிகளுக்குச் செய்த சோதனையை வைத்து ஆட்டக்காரர்களை ஏற்றியிருந்தேன். பார்லரில் என் கண்ணால் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

6. "அசையாதீங்க மேடம்"

ஸ்வேதாவிடம் நான்தான் சொன்னேன். சொல்ல வேண்டியவர் கேன்டீனில் மூன்றாவது டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐநூறு ரன் பாஸ்னு ரிப்போர்ட் இருக்கே?" என்றார் ஸ்வேதா.

"இருக்கு மேடம். எழுதினது நான்தான். தப்பு என்னுது."

"திருவள்ளூர் ஸ்டேஷன்லேர்ந்து மீஞ்சூர் வரைக்கும் போர்டு வெச்சிருக்கேன். ஓப்பனிங் தள்ளிப் போனா சீசனே போச்சு. நீங்க முடியாதுன்னா, முடியும்னு சொல்ற வேற கம்பெனி ஆளை இன்னிக்கே கூட்டிக்கினு வருவேன்."

"கூட்டிக்கினு வாங்க. ஆனா இந்த ஆறு வண்டியும் இப்படியே ஓடக்கூடாது."

என் கோப்பில் இருந்த ஆறு ரிப்போர்ட்டையும் எடுத்து அவர் மேஜையிலேயே வைத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் கோடு போட்டு, 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாஸ் என்று எழுதும்போது இருந்ததைவிட அப்போதுதான் என் கை நிதானமாக இருந்தது. வாசலில் தேவராஜ் சார் வந்து நின்றிருந்தார். "இன்னியோட நீ கையெழுத்துப் போட்டது போதும்மா" என்றார், கையில் கண்ணாடியோடு.

எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். போகட்டும் என்று தோன்றியது. ஆனால் அந்த வண்டிகள் ஓடாமல் நிறுத்திவிட்டுத்தான் போவது என்று உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், எனக்கு ஒரே ஒரு உதவி. அஞ்சு நிமிஷம் வந்து ஆடிக் காட்டுங்க. வண்டி ஓடாது, நிக்கிற வண்டியிலதான்" என்றேன் ஸ்வேதாவிடம்.

என்ன நினைத்தாரோ, எழுந்து வந்தார். நண்டு வளைவில் நிறுத்தியிருந்த வண்டியில் உட்கார வைத்து, லேப் பாரைப் பூட்டி, துப்பாக்கியைக் கொடுத்தேன். திரையை ஓட விட்டார்கள். முதலில் கடுகடுவென்று சுட்டார். ஸ்கோர் ஏறியதும் முகம் மாறியது. நண்டு வந்தது. கொடுக்கு திரையின் ஓரத்துக்கு ஓடியது. ஸ்வேதா அதன் பின்னாலேயே போனார்.

"அப்படியே இருங்க! அசையாதீங்க மேடம்!" என்று கத்தி, என் போனில் ஒரு படம் எடுத்து அவரிடம் நீட்டினேன்.

லேப் பாருக்கு அடியிலிருந்து உருவிய ஒரு கால் வண்டியின் விளிம்பில். இடுப்பு சீட்டிலிருந்து ஒரு சாண் மேலே. தோளும் தலையும் வண்டிக்கு வெளியே. வாய் வேறு திறந்திருந்தது.

ஸ்வேதா போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நானா இது?" என்றார். பிறகு, "எத்தனை நாள் வேணும்?"

"பன்னெண்டு நாள்."

"லீவு ஆரம்பிச்சு ஒன்பது நாள் போயிடும்."

"ஆமா மேடம், போயிடும்."

"சரி, பண்ணுங்க. ஆனா நீங்கதான் பண்ணணும், நீங்கதான் கையெழுத்துப் போடணும்" என்று தேவராஜ் சாரையும் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தார். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

7. மூட்டைக்கு ஆட்டம் பழக்கியது

வண்டிகளை ஷெட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து, பிராக்கெட்டைத் தடிமனாக்கி, இரண்டு பக்கமும் முட்டுத் தகடு வைத்து வெல்டு செய்தோம். ஒரு கைடு வீல் இருந்த இடத்தில் இரண்டு போட்டோம். இதெல்லாம் தெரிந்த வேலை. பலமாகிவிட்டது என்று எப்படி நிரூபிப்பது என்பதுதான் தெரியவில்லை. மனிதர்களை ஏற்றிச் சோதனை செய்ய நான் தயாராக இல்லை. மூட்டையோ சாயாது.

"சாய வெச்சிட்டா போச்சு" என்றார் முனிரத்தினம்.

ஸ்கிராப்பில் கிடந்த குழாயும் கதவுக் கீலும் எடுத்தார். ஒவ்வொரு சீட்டிலும் கீல் வைத்து ஒரு பலகையை நிறுத்தி, அதில் மூட்டையைக் கட்டினார். வளைவு வந்ததும் டிராக் ஓரத்தில் நட்ட ஒரு கம்பி பலகையைத் தட்டிவிடும். நாலு மூட்டையும் ஒரே நேரத்தில் இடது பக்கம் சரிந்து, வண்டிக்கு வெளியே தொங்கும். வளைவு முடிந்ததும் இன்னொரு கம்பி நிமிர்த்திவிடும். முதல் சுற்றில் அவர் மச்சான் மூட்டை அறுந்து போய்ச் சுவரில் அடித்தது. அவருக்குப் பரம திருப்தி. மூன்றாவது நாள் எல்லாம் ஒழுங்காகச் சாய்ந்தது.

ஷெட்டில் கிடந்த, பழைய பிராக்கெட் போட்ட பேய் வீட்டு வண்டி ஒன்றையும் அதே மாதிரி ஓட்டிப் பார்த்தேன். எழுபதாவது சுற்றில் சிவப்புக் கோடு வந்துவிட்டது. புது பிராக்கெட்டுகள் வண்டிக்கு இரண்டாயிரம் சுற்று ஓடியும் பவுடர் வெள்ளையாகவே நின்றது. முப்பத்திரண்டு பேரும் ஷிப்ட் போட்டு வேலை செய்தோம். ஒருத்தர்கூட லீவு கேட்கவில்லை.

எழுந்து நிற்பவர்களை என்ன செய்வது என்று ஒரு கேள்வி பாக்கி இருந்தது. 'எழுந்து நிற்கக் கூடாது' என்று பெரிய போர்டு வைக்கலாம் என்றேன் ஸ்வேதாவிடம்.

"போர்டை யாரும் படிக்க மாட்டாங்க ஜெயந்தி மேடம். ஸ்கோரைத்தான் படிப்பாங்க" என்றார். சீட்டுக்கு அடியில் ஒரு சென்சார் வைக்கச் சொன்னார். இடுப்பு சீட்டை விட்டு எழுந்தால் அந்தத் துப்பாக்கி சுடாது, உட்கார்ந்தால்தான் மறுபடி சுடும். நண்டையும் இரண்டாகப் பிரித்து, இடது சுவரில் ஒரு கொடுக்கு, வலது சுவரில் ஒரு கொடுக்கு என்று மாற்றிவிட்டார். கன்சோலில் அவர் கற்ற பாடமும் மணல் மூட்டையில் நாங்கள் கற்ற பாடமும் ஒரே வண்டியில் வந்து உட்கார்ந்தன.

பதின்மூன்றாம் நாள் திறந்தோம். முதல் வண்டியில் கடம்பத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். கூச்சல் கேட்டது, சிரிப்பு கேட்டது, 'கிர்ர்' கேட்கவில்லை. அந்த வீட்டு அம்மா துப்பாக்கியை விடாமல் இறங்கி வந்து, "இந்தக் குந்த வெக்கிற பேஜாரு மட்டும் இல்லன்னா இன்னும் நாலு அடிச்சிருப்பேன். இன்னொரு தபா போலாம் வாங்க" என்று புருஷனை இழுத்துக்கொண்டு வரிசைக்குப் போனார். அந்த சீசன் முழுக்க ஆபரேட்டருக்கு வேர்க்கடலை உரிக்க நேரமில்லை. மழைக்காலம் வருவதற்குள் ஸ்வேதா சொன்னபடியே இரண்டு பார்க்கிலிருந்து எங்களுக்கு ஆர்டர் வந்தது. ஷெட் ஷெட்டாகவே இருக்கிறது.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டியின் எடையைக் கேட்பதற்கு முன்னால், அதில் ஏறுகிறவர் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். உங்கள் சோதனையில் உட்காருவது யார், உண்மையில் உட்காரப்போவது யார், இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். என் கணவர் அதில் மூன்று தடவை போனார். அதை நான் மறக்கவில்லை.

மறந்தாலும் விட மாட்டார்கள். திறப்பு முடிந்து மறுநாள் ஷெட்டுக்குப் போனபோது, டிராக்கில் நின்ற அந்தப் பழைய வண்டியில் புதிதாக ஒரு மூட்டை தொங்கிக்கொண்டிருந்தது. இடது ஓர சீட், எல்லாவற்றையும்விட அதிகமாகச் சாய்கிற இடம். சிவப்பு பெயின்ட் இன்னும் காயவில்லை. ஜெயந்தி.

"முப்பத்திரண்டு பேரு தாவு தீந்துபோச்சு மேடமு. உன் பேரு எழுதாம வேற யாரு பேர எழுதறது?" என்றார் முனிரத்தினம்.

தேவராஜ் சார் அங்கேதான் நின்றிருந்தார். குனிந்து முன் சீட்டு மூட்டையைப் புரட்டி, அடியில் இருந்த தன் பெயரை எங்கள் எல்லார் முன்னாலும் ஒரு முறை படித்தார். பிறகு அதைத் தூக்கிக் கொண்டுவந்து என் மூட்டைக்குப் பக்கத்துப் பலகையில் அவர் கையாலேயே கட்டினார்.

"ஓட்டு" என்றார்.